முஸ்தீபு, முன்னேற்பாடு, ஆயத்தம்: எந்த இடத்தில் எந்தச் சொல்?

பாரிமுனைக்கு அருகே ஆண்டர்சன் தெருவில், திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடை ஒன்றுக்குச் சில காலம் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அங்கே ஒரு நாள் வந்த அழைப்பிதழ் வரைவில், 'எங்கள் இல்லத் திருமண முஸ்தீபுகள் நடைபெற்று வருவதால், தாங்கள் குடும்பத்துடன் முன்னதாகவே வந்திருந்து உதவ வேண்டுகிறோம்' என்ற வரி இருந்தது. அதில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் கடைக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார், உடன் வந்திருந்த தாய்மாமன், "நடக்கப்போவது கல்யாணமா, சண்டையா?" என்று கேட்டார். வரியை எழுதியவர் வெளிமாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடித்து, வேலைக்காகச் சென்னைக்கு வந்து, செய்தித்தாள்களின் வழியாகத் தமிழ் எழுதப் பழகிக்கொண்ட இளைஞர். "அகராதியில் ஆயத்தம் என்றுதானே பொருள் போட்டிருக்கிறது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அகராதி பொருளைச் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அந்தச் சொல்லை யார், யாரைப் பற்றி, எப்போது சொல்வார்கள் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

ஒரு நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் வேலைகளைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. முஸ்தீபு, முன்னேற்பாடு, ஏற்பாடு, ஆயத்தம், தயார்நிலை, முன்னெச்சரிக்கை, பூர்வாங்கம், ஒத்திகை, வெள்ளோட்டம் என்று வரிசை நீளும். செய்தி எழுதவோ, மொழிபெயர்க்கவோ, விழா அறிவிப்பு தயாரிக்கவோ புதிதாக வந்திருப்பவர்கள் இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் இருக்க நான் பின்பற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். முஸ்தீபில் தொடங்குவதற்குக் காரணம், அதன் தன்மை பிடிபட்டால் மற்றச் சொற்களின் எல்லைகள் பெரும்பாலும் தாமாகவே தெளிவாகிவிடும் என்பதுதான்.

முதற்படி: சொல்லின் உருவத்தையும் ஊரையும் அறிதல்

சரியான எழுத்துக்கூட்டல் 'முஸ்தீபு'. தீ நெடில், கடைசியில் வரும் பு, 'அன்பு' என்பதில் ஒலிப்பதைப் போல மென்மையாக ஒலிக்கும். படிப்பு, தயாரிப்பு, சிரிப்பு என்று நாம் நாள்தோறும் எழுதும் சொற்களின் பழக்கத்தில் பலர் இதையும் 'முஸ்தீப்பு' என்று எழுதுகிறார்கள். அது பிழை. படிப்பில் உள்ள 'ப்பு' வினையிலிருந்து பெயரை உண்டாக்கும் தமிழ் விகுதி. முஸ்தீபில் அப்படியொரு வினையும் இல்லை, விகுதியும் இல்லை.

சொல்லின் மூலம் அரபு. தயாராக இருப்பவர், ஆயத்தமாக இருப்பவர் என்று ஒருவரின் நிலையைச் சொல்லும் 'முஸ்தயித்' என்ற அரபுச் சொல், பாரசீகத்திலும் உருதுவிலும் சுறுசுறுப்பானவர், விழிப்பானவர் என்ற சாயலைப் பெற்று, பிறகு தமிழுக்கு வந்து கடைசி ஒலியை மாற்றிக்கொண்டது. ஒலியைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நேர்ந்தது. அங்கே அது ஒரு மனிதரின் நிலையைச் சொல்லும் அடைமொழி. இங்கே ஒரு செயலின் பெயர். அங்கே 'தயாராகிவிட்டவர்' என்று பொருள். இங்கே 'தயாராகிக்கொண்டிருக்கும் பரபரப்பு' என்று பொருள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் இது தேவைப்படும்.

இத்தகைய சொற்கள் சென்னைத் தமிழில் மிகுந்திருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் பாரசீகம் அலுவல் மொழியாக இருந்தது. முகம்மது அலி வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறிய பின், திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் உருது அன்றாடப் பேச்சாகவே வேரூன்றியது. தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ஜாமீன், ரத்து என்று வருவாய்த்துறையிலும் நீதிமன்றத்திலும் இன்றும் நாம் புழங்கும் சொற்கள் அந்த வழியாக வந்தவை.

வந்த சொற்கள் வந்தபடியே இருந்துவிடவில்லை என்பதற்குப் 'பந்தோபஸ்து' நல்ல சான்று. பாரசீகத்தில் கட்டுவது, முடிவது என்ற பொருளுடைய இரண்டு பகுதிகள் சேர்ந்து உண்டான அச்சொல், இந்தியிலும் உருதுவிலும் இன்றைக்கும் ஏற்பாடு என்ற பொதுப்பொருளையே தருகிறது. தமிழிலோ, 'பலத்த போலீஸ் பந்தோபஸ்து' என்று காவலுக்கு மட்டும் ஒதுங்கிவிட்டது. வடக்கே ஒருவர் திருமணப் பந்தோபஸ்து என்று சொன்னால் சாப்பாட்டுக்கும் பந்தலுக்கும் ஏற்பாடு என்று பொருள். அதையே மயிலாப்பூரில் சொன்னால், மணமகன் வீட்டில் யாருக்கு மிரட்டல் வந்தது என்றுதான் கேட்பார்கள். 'ஜரூர்' என்பதும் அப்படித்தான். மூலத்தில் அவசியம் என்று பொருள்படும் அச்சொல், தமிழ்ச் செய்தித் தலைப்புகளில் 'ஏற்பாடுகள் ஜரூர்' என்று மும்முரத்தைக் குறிக்கிறது. ஆகவே ஒரு சொல்லின் மூலமொழிப் பொருளைத் தேடிப்பிடித்து, அதுவே சரியான பயன்பாடு என்று வாதாடுவது வீண்.

இரண்டாம் படி: யார் சொல்கிறார் என்று கேட்டல்

இதுவே இக்கட்டுரையின் மையம். முஸ்தீபு, பார்ப்பவர் சொல்லும் சொல். செய்பவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொல் அன்று. ஒருவர் அல்லது ஒரு கூட்டம் ஏதோ ஒன்றைத் தொடங்கப்போகிறது என்பதை, அவர்கள் அறிவிப்பதற்கு முன்பே, அவர்களுடைய நடமாட்டத்தை வைத்து வெளியிலிருந்து ஒருவர் கண்டுகொள்கிறார். அப்போது அவர் வாயில் வரும் சொல் இது. எல்லையில் படைகள் குவிவதைக் கண்டு 'போர் முஸ்தீபு' என்று எழுதுகிறோம். தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கட்சிகள் வட்டச் செயலாளர் கூட்டங்களை நடத்தத் தொடங்கும்போது 'தேர்தல் முஸ்தீபு' என்கிறோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் தெருக்குழாய் அருகே வந்து நின்றால், அவர் இன்னும் ஒரு சொல்லும் பேசாதபோதே, 'சண்டைக்கு முஸ்தீபு செய்கிறார்' என்று மாடியிலிருந்து பார்ப்பவர் சொல்லிவிடுவார். 'வரிந்து கட்டிக்கொண்டு' என்ற தமிழ்த் தொடருக்கும் இதற்கும் உள்ள உறவு நெருக்கமானது; இரண்டிலும் உடல் முதலில் பேசிவிடுகிறது.

இதனால் முஸ்தீபில் சிறிது சந்தேகமும், சிறிது கேலியும், சில சமயம் அச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போருக்கும் சண்டைக்கும் மட்டுமே அது உரியது என்று சிலர் கற்பிக்கிறார்கள்; அதை நான் ஏற்கவில்லை. மார்கழி பிறப்பதற்கு முன் சபா உணவகங்களில் அடுப்பு ஏறுவதைப் பார்த்து, 'சங்கீத சீசனுக்கான முஸ்தீபுகள் தொடங்கிவிட்டன' என்று ஒரு பத்தியாளர் எழுதினால் அது அழகான வாக்கியம். ஏனெனில் அவர் பார்வையாளர். அவருடைய குரலில் ஒரு புன்னகை இருக்கிறது. அதே வரியைச் சபாவின் செயலாளர் தம் உறுப்பினர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் எழுதினால், அவர் தம்மையே கேலி செய்துகொள்வதுபோல் ஆகும். அவர் எழுத வேண்டியது 'விழா ஏற்பாடுகள்'.

2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடை எண்ணிப் பாருங்கள். ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி, அவ்வாண்டு மார்ச்சில்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜூலை 28-ஆம் தேதி தொடக்கவிழா. இடைப்பட்ட நான்கு மாதங்களில் விடுதி, போக்குவரத்து, அரங்கம் எல்லாம் ஒழுங்கு செய்யப்பட்டன. நேப்பியர் பாலம் முழுவதும் சதுரங்கக் கட்டங்களாகக் கறுப்பு வெள்ளை பூசப்பட்டது. அரசின் செய்திக்குறிப்பில் இவை அனைத்தும் 'முன்னேற்பாட்டுப் பணிகள்'. காமராசர் சாலைப் பேருந்தில் போகிறவர், பாலத்தில் ஆட்கள் வண்ணம் பூசுவதைச் சன்னல் வழியே பார்த்து, 'ஏதோ பெரிய முஸ்தீபாக இருக்கிறதே' என்று சொன்னால் அதுவும் பொருத்தம். வேலை ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு.

ஆகவே, எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்த வாக்கியத்தின் குரல், பொறுப்பை ஏற்றவருடையதா, வேடிக்கை பார்ப்பவருடையதா? பொறுப்பேற்றவருடையது என்றால் முஸ்தீபைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: உடன் வரும் வினைகளைச் சரிபார்த்தல்

சொல்லைத் தேர்ந்த பின், அதற்கு இயல்பான வினையைச் சேர்க்க வேண்டும். 'முஸ்தீபு செய்தான்', 'முஸ்தீபில் இறங்கினான்', 'முஸ்தீபுகள் நடக்கின்றன' ஆகியவை இயல்பானவை. 'முஸ்தீபானான்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஆயத்தமானான்' என்று சொல்லலாம், 'தயாரானான்' என்றும் சொல்லலாம். முஸ்தீபுக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருக்கிறது. முன்னே சொன்ன வேறுபாடு இங்கே உதவுகிறது: தமிழுக்கு வந்த பிறகு அது நிலையைக் குறிப்பதை விட்டுவிட்டது, ஆகவே ஒருவர் அந்த நிலையை 'அடைய' முடியாது.

அதேபோல, 'முஸ்தீபுகள் செய்யப்பட்டுள்ளன' என்ற வாக்கியம் செவிக்கு உறுத்தும். 'இருக்கைகள் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன' என்று செய்தவரை மறைத்துச் சொல்லலாம், ஏனெனில் அங்கே முக்கியம் இருக்கை. முஸ்தீபில் முக்கியம் ஆள். ஆளை மறைத்துவிட்டால் அச்சொல்லுக்கு உயிர் இல்லை. 'முஸ்தீபுகள் பூர்த்தியாயின' என்பதும் ஒட்டாது. ஏற்பாடு பூர்த்தியாகும், ஆயத்தம் நிறைவுறும், முஸ்தீபு ஒன்று நிகழ்ச்சியாக வெடிக்கும், இல்லையேல் பிசுபிசுத்துப் போகும்.

புணர்ச்சியில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சிலவே. 'முன்னேற்பாடு செய்தனர்' என்பதில் ஒற்று மிகாது. 'முன்னேற்பாட்டுப் பணி' என்று டகரம் இரட்டித்து அடுத்த சொல்லோடு சேரும்போது மிகும். 'ஆயத்தம்' மகரம் கெட்டு 'ஆயத்தக் கூட்டம்', 'ஆயத்தப் பணி' என்று வரும். 'முஸ்தீபு காட்டினார்' என்பதில் மிகாது. 'முஸ்தீபைத் தொடங்கினார்' என்பதில், இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டிருப்பதால் மிகும்.

நான்காம் படி: வருவது எது என்று பார்த்தல்

நாமே நடத்தும் நிகழ்ச்சி வேறு, நம்மீது வந்து விழும் நிகழ்ச்சி வேறு. பொதுத்தேர்வு, குடியரசு நாள், தேர்த்திருவிழா ஆகியவை நாம் தேதி குறித்து நடத்துபவை. இவற்றுக்கு முன் செய்வது முன்னேற்பாடு. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை நாம் நடத்துவது அன்று. அதற்கு முன் மாநகராட்சி மழைநீர் வடிகால்களைத் தூர்வாருவதும், தாழ்வான பகுதிகளில் மோட்டார்களைக் கொண்டுவந்து வைப்பதும், நிவாரண மையங்களைத் திறந்து வைப்பதும் முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தத் தொடர் சென்னையில் குழந்தைகளுக்கும் பழகிவிட்டது. 'மழை முன்னேற்பாடு' என்றும் செய்திகளில் வருவதுண்டு. அதைப் பிழை என்று அடிக்க மாட்டேன். ஆனால் 'விழா முன்னெச்சரிக்கை' என்று எழுதினால், விழாவில் விபத்து நடக்கப்போகிறது என்ற பீதியைக் கிளப்பிவிடும்.

இவ்விரண்டுக்கும் அப்பால், ஒருவர் தம்மைத் தாமே ஒருமுகப்படுத்திக்கொள்வதற்கு 'ஆயத்தம்' மிகப் பொருத்தமானது. காசிமேடு துறைமுகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசுகிறார்கள், எஞ்சினைப் பழுதுபார்க்கிறார்கள், வலை பின்னுகிறார்கள். கடைசி இரண்டு நாட்களில் டீசலும் ஐஸும் படகில் ஏறுகின்றன. 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல ஆயத்தமாகிறார்கள்' என்ற வாக்கியத்தில் வேலையும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. இவ்விடத்தில் முஸ்தீபு என்று எழுதினால், இரண்டு மாதம் வருமானமின்றி இருந்தவர்களின் உழைப்பைத் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் தோன்றும். முன்னேற்பாடு என்று எழுதினால் மீன்வளத்துறையின் வேலையைச் சொல்வதுபோல் தோன்றும்.

ஆயத்தம் வடமொழி வழி வந்த சொல். தனித்தமிழ் எழுத விரும்புவோர் 'அணியம்' என்று எழுதுவர், 'அணியமாயினர்' என்று வினையாக்கியும் கொள்வர். பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பின் உருவான எழுத்து மரபு அது. அவர்களுடைய இதழுக்கு எழுதுவதானால் முஸ்தீபு என்ற சொல் ஸகரத்தோடு உள்ளே நுழையவே முடியாது; முன்னேற்பாடும் அணியமும்தான் கைகொடுக்கும். இலங்கைத் தமிழில் ஆயத்தம் அன்றாடப் பேச்சுச் சொல். சென்னையில் 'ரெடியா?' என்று கேட்கும் இடத்தில், யாழ்ப்பாணத்தில் 'ஆயத்தமா?' என்று கேட்பார்கள். பேரிடருக்கு முன் செய்பவற்றை 'முன்னாயத்தம்' என்பார்கள். இலங்கை வாசகர்களுக்கும் சேர்த்து எழுதுபவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

ஒரு சிறு எச்சரிக்கை: தமிழ்நாடு அரசின் 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை'யில் உள்ள 'ஆய'த்துக்கும் ஆயத்தத்துக்கும் உறவில்லை. அது ஆயம் என்ற வரி. மொழிபெயர்ப்புத் தேர்வு ஒன்றில் அதை 'தயார்நிலைத் துறை' என்று பொருள்கொண்டு எழுதியிருந்த விடைத்தாளை நான் பார்த்திருக்கிறேன்.

'தயார்' என்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அதுவும் அரபு வழி வந்ததுதான். ஆனால் தமிழ் அதை எவ்வளவு சொந்தமாக்கிக்கொண்டது என்றால், அதிலிருந்து 'தயாரி' என்ற வினையையும், தயாரிப்பு, தயாரிப்பாளர் என்ற பெயர்களையும் ஆக்கிக்கொண்டது. கோடம்பாக்கம் இருக்கும் ஊரில் தயாரிப்பு என்றால் முதலில் திரைப்படம்தான் நினைவுக்கு வரும். எனவே 'திருமணத் தயாரிப்புகள்' என்று எழுதாதீர்கள். 'தயார்நிலை' என்பது வேலை முடிந்து காத்திருக்கும் நிலை. 'மீட்புக் குழுக்கள் தயார்நிலையில் உள்ளன' என்றால் அவர்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே பொருள்.

ஐந்தாம் படி: அந்த வேலைக்கென்றே ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடுதல்

பொதுச்சொல்லைப் போடுவதற்கு முன், அந்தக் குறிப்பிட்ட வேலைக்குத் தனிப்பெயர் உண்டா என்று விசாரியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் இருக்கும். இந்தப் படியைத் தாண்டிவிடுவதால்தான் செய்திகள் சவசவவென்று ஆகிவிடுகின்றன.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா கொடியேற்றத்தோடு தொடங்குகிறது என்று எழுதுவோம். ஆனால் அதற்கு முன்பே, கிராம தேவதையான கோலவிழி அம்மனுக்குப் பூசை நடந்துவிடும். அதைத் 'திருவிழாவுக்கு முந்தைய நிகழ்ச்சிகள்' என்று எழுதுவதைவிடக் 'கிராம தேவதை பூசை' என்று எழுதுவது தெளிவு. வைணவக் கோயில்களில் பிரம்மோற்சவத்துக்கு முன் மண் எடுத்துவந்து, பாலிகைகள் என்னும் மண்கலங்களில் முளைவிடச் செய்யும் சடங்கு அங்குரார்ப்பணம். கோயிலில் திருப்பணி தொடங்குமுன் மூலவரின் ஆற்றலைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவது பாலாலயம். குடமுழுக்குச் செய்தியை எழுதுபவர் இந்தச் சொல்லை அறியாவிட்டால், மூலவரைத் தரிசிக்க முடியாமல் திரும்பிய பக்தர்களின் குறை ஏன் என்று அவருக்குப் புரியாது. புதுத்தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். புதிய தேருக்கும் கப்பலுக்கும் வழங்கிய இச்சொல்லை மெட்ரோ இரயிலுக்கும் எழுதுகிறவர்கள் உண்டு. இரயிலுக்குச் 'சோதனை ஓட்டம்' என்பது நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

திருமண வீட்டில் முதல் வேலை பந்தக்கால் நடுதல், சிலர் வழக்கில் முகூர்த்தக்கால். மாவிலையும் மஞ்சளும் கட்டிய கழி நட்டாகிவிட்டால், அந்த வீட்டில் கல்யாணம் தொடங்கிவிட்டது என்றே அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொள்வார்கள். பத்திரிகை வைத்தல், முகூர்த்தப் புடவை எடுத்தல், நலங்கு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கிறிஸ்தவத் திருமணம் என்றால் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். மணமக்களின் பெயரை மூன்று முறை சபையில் அறிவிக்கும் அந்த வழக்கத்தைப் 'பூர்வாங்க அறிவிப்பு' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். பூர்வாங்கம் என்பது விசாரணைக்கும் கட்டுமானத்துக்கும் உரிய சொல்: பூர்வாங்க விசாரணை, மண் பரிசோதனை போன்ற பூர்வாங்கப் பணிகள். அதைக் கல்யாணத்தில் கொண்டுவந்து வைத்தால் மணமக்கள்மீது வழக்குப் போட்டதுபோல் இருக்கிறது.

மாநாடு, பெருவிழா ஆகியவற்றின் மேடைப் பணியைத் தொடங்குவது கால்கோள். இது மிகப் பழைய சொல். தொல்காப்பியம் நடுகல் எடுப்பதன் படிநிலைகளைச் சொல்லும்போது காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று வரிசைப்படுத்துகிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் கால்கோட் காதை என்றே ஒரு காதை உண்டு. கட்சி மாநாட்டுத் திடலில் பந்தல் போடத் தொடங்கும் நாளைக் 'கால்கோள் விழா' என்று சுவரொட்டியில் எழுதும்போது, எழுதுகிறவர் அறிந்தோ அறியாமலோ அந்தப் பழைய சொல்லைக் கையில் எடுக்கிறார்.

அரசு நிகழ்ச்சிகளில் ஒத்திகை முக்கியம். குடியரசு நாளுக்கு முந்தைய நாட்களில் காமராசர் சாலையில் அணிவகுப்பு ஒத்திகை நடக்கும். சுதந்திர நாளுக்கு முன் புனித ஜார்ஜ் கோட்டை எதிரே நடக்கும். அந்தக் காலைகளில் போக்குவரத்து மாற்றம் அறிவிக்கப்படும். தேர்தல் நாளன்று வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடங்களுக்கு முன், வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்கு 'மாதிரி வாக்குப்பதிவு' என்று பெயர். இதை ஒத்திகை என்று எழுதக் கூடாது. ஒத்திகை பழகுவதற்காக, மாதிரி வாக்குப்பதிவு சரிபார்ப்பதற்காக.

ஆறாம் படி: அடைமொழியில் அடக்கம்

முன்னேற்பாடுகள் தீவிரம், ஏற்பாடுகள் மும்முரம், வேலைகள் ஜரூர், கல்யாணம் தடபுடல் என்ற நான்கும் தலைப்புக்கு உதவும். அரசுச் செய்திக்கு மும்முரம். கல்யாணச் செய்திக்குத் தடபுடல். முஸ்தீபுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். பரபரப்பு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஏழாம் படி: எழுதியதைத் திருத்திப் பார்த்தல்

ஆங்கிலத்தில் வந்த சுற்றறிக்கையைத் தமிழாக்கும்போதுதான் மேற்சொன்ன யாவும் சோதனைக்கு உள்ளாகின்றன. அடையாற்றில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் நடத்தும் பொங்கல் விழாவுக்கு இப்படியொரு அறிவிப்பு வந்ததாகக் கொள்வோம்: 'நிகழ்வுக்கு முந்தைய செயல்பாடுகள் துவங்கப்பட்டுள்ளன. முன்-நிகழ்வுச் சந்திப்பு வெள்ளியன்று நடைபெறும். பண்பாட்டு முன்தயாரிப்புகளுக்காகக் குழந்தைகள் அரங்கத்துக்கு வரவும். தளவாட முஸ்தீபுகள் நிறைவுற்றன.'

எதிலும் சொல்லாட்சி தமிழாக இல்லை என்பது படித்தவுடன் தெரியும். ஏன் என்று படி வாரியாகப் பாருங்கள். பேசுவது சங்கம், அதாவது பொறுப்பேற்றவர். ஆகவே முஸ்தீபு போய்விடும். 'செயல்பாடுகள்' என்பதற்குப் பதிலாக விழா ஏற்பாடுகள் என்றால் போதும். வெள்ளியன்று நடப்பது வேலையைப் பிரித்துக்கொள்ளும் கூட்டம். அதற்கு ஆயத்தக் கூட்டம் என்ற பெயர் இருக்கிறது. குழந்தைகள் வருவது நடனத்தைப் பழகிப் பார்க்க, அது ஒத்திகை. தளவாடம் என்று சொல்லப்பட்டவை பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி; அவற்றைப் பெயர் சொல்லியே எழுதிவிடலாம். திருத்தியபின் அறிவிப்பு இவ்வாறு அமையும்:

'பொங்கல் விழா ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. வேலைகளைப் பகிர்ந்துகொள்வதற்கான ஆயத்தக் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தரைத்தளத்தில் நடைபெறும். கலைநிகழ்ச்சிகளில் பங்கேற்கும் குழந்தைகள் சனிக்கிழமை காலை ஒத்திகைக்கு வர வேண்டும். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கிக்குச் சொல்லியாகிவிட்டது. பானையும் கரும்பும் போகிக்கு முந்தைய நாள் வந்துசேரும்.'

சொற்களின் எண்ணிக்கை இரு மடங்காகியிருக்கிறது. ஆனால் படிப்பவர் எங்கே, எப்போது, எதற்கு வர வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முஸ்தீபுக்கு அந்தக் குடியிருப்பில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டாம் தளத்தில் ஒரு வீட்டார் விழாவுக்குப் பத்து நாள் முன்பே கோலமாவைச் சலித்து, வண்ணம் வாரியாக டப்பாக்களில் நிரப்பி, மொட்டைமாடியில் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் புள்ளிக்கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். துணி உலர்த்தப் போன எதிர்வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு, 'இந்த வருஷம் கோலப்போட்டிக்கு முஸ்தீபு பலமாக இருக்கிறது' என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால், அதைத் திருத்த வேண்டிய அவசியம் எந்த மெய்ப்புத் திருத்துநருக்கும் இல்லை.